விரல் நீட்டும் இடத்துக்கு எத்தனை மார்க்?

கொழும்புக் கோட்டைப் பகுதியில், ஜனாதிபதி மாளிகைக்குச் சற்றுத் தள்ளி, ரோட்டின் நடுவே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. கட்டியது 1857இல். பத்து வருடம் கழித்து அதன் உச்சியில் கலங்கரை விளக்கும் ஏற்றினார்கள். 1952 வரை எரிந்தது. இந்தத் தகவல் யாருக்கும் கைப்பேசியில் பத்து நொடியில் கிடைத்துவிடும். கொழும்புக்குப் போன எங்கள் கல்லூரி மாணவர்கள் மார்க்குக்காக நகரைச் சுற்றிக் காட்டியபோது, அவர்களில் ஒருவன், குளச்சல் பக்கத்துப் பையன், அதன் அடியில் நின்று இதில் எதையும் முதலில் சொல்லவில்லை. “கலங்கரை வெளக்குன்னா கப்பல்காரனுக்குத் தெரியணும். இங்க நின்னு பாருங்க, ஒங்க கண்ணுக்குக் கடல் தெரியுதா?” என்று கேட்டான். இருபது பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டடம். “நமக்குக் கடல் தெரியலன்னா கடலுக்கும் வெளக்கு தெரியாது. அதனாலதான் அணைச்சாங்க” என்றான். ஊர் வளர்ந்து விளக்கை மறைத்த கதை அந்த இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அவன் பேசியது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு முந்தின இடத்தில் பேசிய மாணவி எட்டு நிமிடம் பேசினாள். ஒரு தேதிகூடத் தப்பவில்லை. இரண்டு பேரும் உழைத்தவர்கள். கையில் மார்க் தாளை வைத்துக்கொண்டு அந்த மணிக்கூண்டு நிழலில் நான் திணறிப்போனேன். நாகர்கோவிலில் வரலாறு நடத்துகிற எனக்கு, தேர்வுத்தாள் திருத்திப் பழகிய கைக்கு, இது முற்றிலும் வேறு வேலை என்று அன்றுதான் உறைத்தது.

முதலில் இந்த முறை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் போன்ற நாடுகளின் பல்கலைக்கழகங்களில் புவியியல் படிப்பவர்களுக்குக் களப்பயணம் பாடத்தின் பகுதி. பல துறைகள் அதற்காக மாணவர்களை வெளிநாட்டு நகரங்களுக்கே கூட்டிப்போகின்றன. ஆசிரியர் முன்னால் நடந்து விளக்குவார், மாணவர்கள் பின்னால் நடந்து குறிப்பெடுப்பார்கள் என்பது பழைய ஏற்பாடு. அதைத் திருப்பிப் போட்டதுதான் மாணவர் நடத்தும் நகர உலா. நாலைந்து பேர் சேர்ந்து நகரின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார்கள். புறப்படுவதற்கு முன்பே படித்து, வரைபடம் பார்த்து, எங்கே நிற்பது, எதைச் சொல்வது என்று முடிவு செய்வார்கள். போன இடத்தில் மற்ற மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஒன்றரை மணி நேரம் நடத்திக் கூட்டிப்போவார்கள். அந்த நடைக்கு மார்க் உண்டு.

நடந்து பார்த்துத்தான் ஊரைப் படிக்க வேண்டும் என்பது புது யோசனை இல்லை. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடஸ் 1914இல் சென்னை கவர்னர் பென்ட்லண்டின் அழைப்பில் இந்தியா வந்தார். மாகாணத்தின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகர அறிக்கைகள் எழுதினார். திட்டம் போடுவதற்கு முன்னால் தெருத்தெருவாக நடந்து பார், ஊர்க்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று புரிந்துகொள், அப்புறம் பேனாவை எடு என்பது அவர் வழி. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் ஆனார். 1921இல் கொழும்புக்கும் ஒரு நகரத் திட்ட அறிக்கை கொடுத்தார். நூறு வருடத்துக்கு முன் அவர் நடந்த அதே ஊரில் எங்கள் பிள்ளைகள் நடக்கப்போகிறார்கள் என்று வகுப்பில் சொன்னபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

நம் கல்லூரிகளில் வெளியூர்ப் பயணம் என்றால் ஒன்று ‘டூர்’, இல்லையென்றால் ‘ஐவி’, அதாவது இண்டஸ்ட்ரியல் விசிட். ஐவி முடிந்து வந்ததும் ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பார்கள். பல நேரம் அது போன வருட ரிப்போர்ட்டின் நகலாகவே இருக்கும். பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதால் இப்படி நடப்பதில்லை. போன இடத்தில் அவர்களுக்கென்று ஒரு வேலையை நாம் கொடுக்கவில்லை, அதனால்தான் நடக்கிறது. இதை நான் வருடக்கணக்காகப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதனால்தான் கொழும்புப் பயணம் முடிவானதும் ரிப்போர்ட்டை எடுத்துவிட்டு உலாவை வைத்தோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடுகிற ஊர். தமிழ் பேசினால் பதில் கிடைக்கிற ஊர். குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில், இதைவிட உறவான ஒரு வெளிநாடு கிடையாது.

முதல் ஒத்திகை நாகர்கோவிலிலேயே நடந்தது. நாகராஜா கோயிலில் தொடங்கி, மணிமேடை, வேப்பமூடு வழியாகக் கோட்டாறு சவேரியார் கோயில் வரை. எல்லாக் குழுவும் பேப்பரைப் பார்த்து வாசித்தார்கள். நாகராஜா கோயிலின் பெருமையை ஒரு மாணவி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலேயே தூணில் மகாவீரரும் பார்சுவநாதரும் செதுக்கப்பட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அது சமணர் கோயிலாக இருந்ததற்கான சாட்சி அது. அவள் திரும்பவே இல்லை. வேப்பமூட்டிலும் இதே கதை. ‘மூடு’ என்றால் நம் பக்கத்துப் பேச்சில் மரத்தடி. அந்தப் பெயரை வைத்தே அந்த இடத்தின் பழைய கோலத்தைப் பேசியிருக்கலாம். ஆனால் அங்கே நின்ற மாணவன் நாகர்கோவில் எப்போது மாநகராட்சி ஆனது என்று சொல்லிக்கொண்டிருந்தான். 2019 என்பது சரிதான். அதற்கு வேப்பமூட்டில் போய் நிற்க வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் ஒரு விதி போட்டோம். கை நீட்டிக் காட்ட முடியாத வாக்கியத்துக்கு மார்க் கிடையாது. நீ சொல்வதற்கும் நீ நிற்கிற இடத்துக்கும் ஒரு முடிச்சு இருக்க வேண்டும். தூண், பெயர்ப்பலகை, தெருவின் வளைவு, கடையில் தொங்கும் சாமான், காதில் விழும் வார்த்தை, எதுவாகவும் இருக்கலாம். வகுப்பறையில் உட்கார்ந்தே சொல்லிவிடக்கூடிய விஷயத்தை வகுப்பறையிலேயே சொல்லிவிடு.

சாட்ஜிபிடி காலத்தில் இந்த விதிக்கு இன்னொரு பலனும் உண்டு. கொழும்பைப் பற்றி அழகான எட்டுப் பக்கம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைத் தடுக்க நான் எந்தச் சோதனையும் வைக்கவில்லை. கொழும்பின் சந்தைப் பகுதியான புறக்கோட்டையில், இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் முன்னால், மூட்டை ஏற்றிய கைவண்டி இடிக்க வருகிற நேரத்தில், எழுதிக் கொண்டுவந்த பத்தி உதவாது. “1909இல் கட்டி முடித்தார்கள்” என்பதோடு நிற்காமல், இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் ஏன் மற்ற இடத்தை விட்டு இந்தச் சந்தைத் தெருவில் கட்டினார்கள் என்று சுற்றியுள்ள கடைகளைக் காட்டிச் சொல்லத் தெரிந்தவன் அந்தத் தெருவைப் பார்த்தவன்.

சரி, மார்க்குக்கு வருவோம். மொத்தம் 50 வைத்தோம். புறப்படுவதற்கு முன் கொடுக்கும் பாதைக் கோப்புக்கு 15. எங்கெங்கே நிற்பீர்கள், ஏன் அங்கே, தகவல் எங்கிருந்து வந்தது, நிழல் எந்தப் பக்கம், கழிவறை எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். தெருவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்கும் நிறுத்தத்துக்கு 20. ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்ததற்குக் கதை தொடர்கிறதா என்பதற்குக் குழு முழுவதற்கும் சேர்த்து 5. திரும்பி வந்து எழுதும் குறிப்புக்கு 10.

குழுவுக்கு 5 மட்டும் ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. குழு மார்க் அதிகமாக இருந்தால் யாரோ இரண்டு பேர் ராத்திரி முழித்து வேலை செய்வார்கள், மற்றவர்கள் மூன்று பேர் அந்த மார்க்கில் தொங்குவார்கள். எல்லா ஆசிரியருக்கும் தெரிந்த சங்கதி இது. குழு மார்க்கே இல்லாவிட்டாலோ ஐந்து பேர் ஐந்து தனிச் சொற்பொழிவு செய்வார்கள். முதல் ஆள் சொன்னதையே நாலாவது ஆள் மறுபடியும் சொல்வார். 5 என்பது, அடுத்தவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்டு வைத்துக்கொள்ளத் தூண்டும் அளவு. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

திரும்பி வந்து எழுதுகிற குறிப்புக்கு 10 வைத்ததில் எனக்கு முதலில் தயக்கம் இருந்தது. எழுதத் தெரிந்த பிள்ளைகள் அதில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயம். அதனால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: தெருவில் நீ எதிர்பாராத எது நடந்தது, அதனால் உன் திட்டத்தில் எதை மாற்றினாய்? ஒரு பக்கம் போதும். தெருவில் தடுமாறிய ஒரு மாணவி, தான் ஏன் தடுமாறினாள் என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாள். நான் அவளைப் பற்றி எடுத்த குறிப்பைவிட அது கூர்மையாக இருந்தது.

குரல் பெரிய சிக்கல். கொழும்புச் சந்தையில் லாரி ஹார்ன், லாட்டரி ஒலிபெருக்கி, கூவி விற்பவர்கள் என்று எப்போதும் இரைச்சல்தான். எங்கள் முதல் மார்க் தாளில் ‘தெளிவாக, உரக்கப் பேசுதல்’ என்று ஒரு வரி இருந்தது. ஒத்திகையிலேயே அது தவறு என்று தெரிந்துவிட்டது. மெல்லிய குரல் உள்ள ஒரு மாணவி, “எனக்கு வாய் வராது சார்” என்று அழுதேவிட்டாள். கொழும்பில் அவள் செய்ததைப் பாருங்கள். பழைய புறக்கோட்டையின் படங்களை ஏ4 அளவில் அச்செடுத்து லேமினேட் செய்து கொண்டுவந்தாள். மூடிக்கிடந்த ஒரு கடையின் படிக்கட்டுக்கு எல்லோரையும் வரவைத்து, தன்னைச் சுற்றி நெருக்கி நிற்கவைத்தாள். ரோட்டுப் பக்கம் அவள் முதுகு, எங்கள் பக்கம் முகம். படம் கை மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் நின்றவனுக்கும் கேட்டது. கேட்கிறதா என்பது குரல்வளையில் இல்லை, எங்கே நிற்கிறாய் என்பதில் இருக்கிறது. தாளில் அந்த வரியை ‘எல்லோருக்கும் கேட்கும்படி, பார்க்கும்படி இடம் தேர்ந்தாரா’ என்று மாற்றினோம். திக்குகிற பிள்ளைக்கும் கூச்சப்படுகிற பிள்ளைக்கும் இதனால் வழி திறந்தது. பேச்சுத்திறமைக்கு மார்க் வைத்தால், மேடைப்பேச்சில் ஏற்கெனவே பரிசு வாங்கியவனுக்கே மறுபடியும் பரிசு கொடுக்கிறோம்.

மொழி விஷயத்திலும் எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. வெளிநாட்டுப் பயணம், ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் தமிழ் என்று நின்றேன். பிள்ளைகள் எதில் யோசிக்கிறார்களோ அதில் பேசட்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொழும்பில்தான் எனக்கே விளங்கியது. செட்டியார் தெருவில் நகைக்கடைகளைக் காட்டி ஒரு மாணவன் வடசேரி கோயில் நகைகளோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, “தம்பி, நீங்க கதைக்கிறது சரி, ஆனா கல் பதிக்கிறதப் பத்திச் சொன்னது பிழை” என்று திருத்தினார். மாணவன் ஒதுங்கி நின்று, “ஐயா, நீங்களே சொல்லுங்க” என்றான். பெரியவர் ஐந்து நிமிடம் சொன்னார். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் அவர் எழுந்தே வந்திருக்க மாட்டார். அந்த ஐந்து நிமிடமும் மாணவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய 20இல் 18 போட்டேன்.

இன்னொரு குழுவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. ஒரு நாட்டாமி ஏதோ சொல்ல வந்தார்; குழுத்தலைவன் ‘நேரமாகுது’ என்று கையசைத்துவிட்டு நடந்தான். கொழும்பில் நாட்டாமி என்றால் சந்தையில் மூட்டை சுமக்கிறவர். நம் ஊரில் பஞ்சாயத்து பேசுகிறவரைக் குறிக்கும் சொல்லின் வழியே வந்த பெயர், கடல் கடந்ததும் தோளில் பாரம் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்திருந்தாலே ஒரு நிறுத்தம் கிடைத்திருக்கும். தன் கால அட்டவணையைக் காப்பாற்றிய பையன் அதை விட்டுவிட்டான்.

நியாயம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தேர்வறையில் எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம், ஒரே மின்விசிறி. தெருவில் அப்படி இல்லை. முதல் நாள் காலையில் போகும் குழுவுக்கு வெயில் இல்லை, ஆனால் முன்மாதிரியும் இல்லை. மூன்றாம் நாள் மதியம் போகும் குழு மற்றவர்களைப் பார்த்துக் கற்றிருக்கும். கேட்பவர்களோ கால் வலித்துச் சோர்ந்திருப்பார்கள். இதைச் சமன் செய்யவே முடியாது. எங்களால் முடிந்தது, வரிசையை நாகர்கோவிலிலேயே எல்லார் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். ஒரு குழுவை இன்னொன்றோடு ஒப்பிட்டு மார்க் போடக் கூடாது, தாளில் உள்ள வரிகளோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்று எங்களுக்குள் பேசி வைத்தோம். அப்புறம், ஒவ்வொரு நிறுத்தமும் முடிந்த உடனே, அடுத்த இடத்துக்கு நடப்பதற்கு முன்னால் தாளை நிரப்பிவிட வேண்டும். ராத்திரி அறைக்குப் போய் ஞாபகத்தில் போட்டால், கடைசியாகப் பேசியவனும் சத்தமாகப் பேசியவனும்தான் மனதில் நிற்பார்கள். நானும் வேறொரு துறை ஆசிரியரும் தனித்தனியாகப் போட்டு, பிறகு ஒப்பிட்டோம். ஐந்து மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசுவது. தாளின் நகல் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பிள்ளைகள் கையில் இருந்தது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்ட நியாயம் வேறு. எல்லோரும் கொழும்புக்கு வர முடியாது. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்ந்தால் வள்ளத்தில் போய்ப் பிழைக்கிற குடும்பத்துக்கும் ரப்பர் பால் வெட்டுகிற குடும்பத்துக்கும் அது சாதாரணத் தொகை இல்லை. “பிள்ளைய பத்திரமா கொண்டாந்து விடுவியளா சார்?” என்று கேட்டு, கடைசியில் விடாமலே இருந்த அம்மாக்களும் உண்டு. காசு இல்லாததால், அல்லது பெண்ணாகப் பிறந்ததால் ஒரு பிள்ளைக்கு 50 மார்க் போய்விடும் என்றால் அந்தப் பயணமே வேண்டாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன். வராதவர்கள் கோட்டாற்றில் அதே உலாவை, அதே தாளை வைத்து, அதே 50க்கு நடத்தினார்கள். அதிகபட்ச மார்க் எடுத்தது அந்தக் கோட்டாற்றுக் குழுவில் ஒரு பெண்தான். வெளிநாடு என்பதற்குத் தனி மார்க் எதுவும் தாளில் இல்லை, இருக்கவும் கூடாது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் சுற்றுலா வழிகாட்டிக்கு உரிமம் உண்டு. உரிமம் உள்ள உள்ளூர் வழிகாட்டி ஒருவரை முதல் நாள் முழுக்கக் கூட வைத்துக்கொண்டோம். எங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமே பேசினார்கள். கோட்டைப் பகுதியில் காவலர்களையும் அரசு மாளிகைகளையும் படம் எடுக்கவில்லை. தண்ணீர், தொப்பி, அவசர எண். அவ்வளவுதான்.

கை நீட்டும் விதிக்கு முதல் சோதனை கோட்டையிலேயே வந்தது. அந்தப் பகுதிக்குப் பெயர் கோட்டை, ஆனால் தெருவில் நடக்கிறவன் கண்ணில் படும்படி அங்கே கோட்டைச் சுவர் கிடையாது. போர்த்துக்கீசியர் கட்டியதை 1656இல் டச்சுக்காரர் பிடித்து மாற்றிக் கட்டினார்கள்; 1796இல் ஆங்கிலேயர் வசமானது; 1870 வாக்கில் சுவரை இடித்துவிட்டார்கள். இல்லாத சுவரை எப்படிக் கை நீட்டிக் காட்டுவது? ஒரு குழு எங்களைக் கோட்டைப் பகுதிக்குள்ளிருந்து பேசாமல் நடத்திக்கொண்டு போனது. சந்தைக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, “இந்த எடத்துக்குப் பேரு புறக்கோட்டை. அப்படின்னா நாம எப்ப கோட்டைக்கு வெளிய வந்தோம்?” என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. சுவர் போய் நூற்றைம்பது வருடம் ஆகியும், உள்ளே எது வெளியே எது என்று இரண்டு பெயர்கள் மட்டும் இன்னும் எல்லை காத்துக்கொண்டிருக்கின்றன. பழைய வரைபடத்தின் நகலை விரித்து நாங்கள் கடந்து வந்த இடத்தைக் காட்டினார்கள். இல்லாததையும் காட்டலாம், அதற்கு அத்தாட்சி கையில் இருக்க வேண்டும் என்று விதியைத் திருத்திக்கொண்டோம்.

அப்புறம் வந்தது வோல்வெண்டால் தேவாலயம். மேட்டின்மேல் டச்சுக்காரர் கட்டியது, 1757இல் முடிந்தது. கோட்டைக்குள் இருந்த பழைய டச்சுக் கல்லறைக் கற்களை 1813இல் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். புலியூர்க்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு இந்த நிறுத்தம். தரையில் கிடக்கும் கல்லைக் காட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். உதயகிரிக் கோட்டையில் உள்ள டிலனாயின் கல்லறை.

1741 ஆகஸ்ட் 10ஆம் தேதி குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றது டச்சுப் படை. அது இலங்கையிலிருந்து வந்த படை. அந்தக் காலத்தில் இலங்கையின் டச்சு ஆட்சிக்குத் தலைமையிடம் கொழும்பு. பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் திருவிதாங்கூரிலேயே தங்கி, அந்தப் படைக்கே பயிற்சி கொடுத்து, தளபதியாகி, 1777இல் இறந்து உதயகிரியில் அடங்கினார். நம் தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்துவை அறிமுகப்படுத்தியதும் இதே டிலனாய்தான். தேவசகாயத்தின் கல்லறை கோட்டாற்றில். 2022 மே 15ஆம் தேதி அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது மாவட்டமே திரண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். இவ்வளவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஆனால் அவள் கேட்டது ஒரே கேள்வி: “இங்க உள்ள கல்லுக்கும் எங்க ஊர்ல உள்ள கல்லுக்கும் என்ன வித்தியாசம்?” எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். இங்கே டச்சு மொழி. உதயகிரிக் கல்லில் லத்தீன், கூடவே தமிழ். “இவங்க ஆள வந்தவங்க. அவரு பிடிபட்டு, முப்பத்தாறு வருசம் எங்க ஊர்க்காரராவே இருந்தவரு. அவரு கல்லுக்குத் தமிழ் தேவைப்பட்டிருக்கு” என்றாள். சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் உதயகிரிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவள், அதன் மறுபாதி இங்கே கிடப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒத்திகையை நம் ஊரில் வைப்பதன் முழு அர்த்தமும் எனக்கு அந்தத் தரையில்தான் விளங்கியது. வெளிநாட்டுத் தெருவைப் பார்க்கிற கண், சொந்தத் தெருவில் பழகிய கண்.

1983 பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஜூலையில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது உணர்ச்சியான விஷயம். ஒரு குழு அதைத் தெருவிலேயே விரிவாகப் பேசத் திட்டமிட்டிருந்தது. கோப்பைப் பார்த்தபோதே அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். “மக்களே, அந்தத் தெருவுல இன்னைக்கும் கடை வச்சிருக்கவங்க இருக்காங்க. நாம பேசிட்டு பிளேன் ஏறிருவோம். அவங்க அங்கதான் இருக்கணும்” என்றேன். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. விட்டுவிட்டால் அது பொய்யான உலா. முந்தின நாள் ராத்திரி, தங்கிய இடத்தில் எல்லோரையும் கூட்டி, படித்ததை முழுக்கச் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். மறுநாள் தெருவில் நின்று, “நேத்து நாங்க சொன்னது இந்தத் தெரு” என்ற ஒரு வாக்கியத்தோடு நடந்தார்கள். எதை எங்கே சொல்வது என்ற முடிவுக்கும் மார்க் உண்டு என்று தாளில் எழுதிச் சேர்த்தது அதற்குப் பிறகுதான்.

கடைசி நாள் கடைசி நிறுத்தம் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை. நம் கடற்கரை ஊர்களில் செவ்வாய் என்றாலே அந்தோனியார் நவநாள். அங்கேயும் அப்படியே, எல்லா மதத்துக்காரர்களும் மெழுகுதிரியோடு வந்துகொண்டிருந்தார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று குண்டு வெடித்த கோயில்களில் இது ஒன்று. நாடு முழுவதும் அன்று 250 பேருக்கு மேல் இறந்தார்கள். இந்த நிறுத்தத்தை எடுத்தவன் முட்டம் பக்கத்து மாணவன். தெருவுக்கு எதிர்ப்பக்கம், வாசலிலிருந்து தள்ளி எங்களை நிறுத்தினான். தேதியைச் சொன்னான். அதே வருடம் ஜூன் மாதமே கோயிலைத் திறந்துவிட்டார்கள் என்று சொன்னான். “உள்ள போனா நான் பேச மாட்டேன். நீங்களும் பேசாதீங்க. கும்பிடணும்னா கும்பிடுங்க, இல்லன்னா பின்னால பெஞ்சுல இருங்க. பத்து நிமிசம் கழிச்சு இதே எடத்துக்கு வந்துருங்க” என்றான். கை நீட்டவில்லை. உள்ளே போனோம். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, கண்ணை மூடிக்கொண்டு, சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெளியே வந்ததும் அவன், “அவ்வளவுதான்” என்றான்.

என்னோடு மார்க் போட்ட ஆசிரியர் அவனுக்கு 20க்கு 9 போட்டிருந்தார். நான் 17. எங்கள் கணக்குப்படி உட்கார்ந்து பேச வேண்டிய வித்தியாசம். “பேசுனதே ஒரு நிமிசம், காட்டுனது ஒண்ணுமில்லையே?” என்றார். அவர் கேட்டது சரிதான். எங்கள் விதிப்படியே பார்த்தால் 9கூட அதிகம். நான் அவனுடைய பாதைக் கோப்பை எடுத்துக் காட்டினேன். அந்த நிறுத்தத்துக்கு மட்டும் நாலு பக்கம் படித்துத் தொகுத்திருந்தான். ஓரத்தில் கையால் எழுதியிருந்தது: ‘செவ்வாய்க்கிழமை. ஜெபிக்க வருபவர்கள் இருப்பார்கள். வாசலில் நின்று பேசக் கூடாது.’ அவன் பேசாமல் விட்டது தெரியாமல் இல்லை. அவர் கொஞ்ச நேரம் அந்த ஓரக்குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்துக்குப் போகிற வேனில் 16 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அடுத்த வருடத்துக்கான தாளில் ‘பேசிய நேரம்’ என்ற கட்டத்தை எடுத்துவிட்டோம்.